இணைப்பு இல்லாத நேரத்தில்

செப்டம்பர் 16, திங்கள்

காலை பதினொன்றே காலுக்கு ஹரிஹரன் அறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். "வெங்கடராகவன் வெள்ளிக்கிழமையோட போறார் உலகா. டயாலிசிஸ் ப்ராஜெக்டுக்கு இனிமே நீங்கதான் ஆர்க்கிடெக்ட்" என்றார். சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

பன்னிரண்டு வருடமாக மென்பொருள் டெவலப்பர். உலகம்மாள் என்ற பெயரை உலகா என்று சுருக்கிக்கொண்டு, யாரோ வரைந்து கொடுத்த திட்டத்துக்குள் என் பங்கை எழுதி முடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். தப்பு வந்தால் எந்த வரி என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். இனிமேல் அந்தத் திட்டத்தை வரைய வேண்டியவள் நான்.

வீட்டில் சொன்னேன். "சம்பளம் ஏறுமா?" என்று கேட்காத ஒரே புருஷன் என்னுடையவர்தான். "ஏளா, உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். புடிச்சிருக்கு என்றேன். மாவு அரைத்து வைத்தேன். புளிக்க நேரம் போதுமா தெரியவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

வெங்கடராகவன் நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பாதிப் பக்கங்களில் "பிறகு முடிவு செய்யப்படும்" என்று இருக்கிறது. அந்தப் பிறகு இனிமேல் நான்தான். கேக் வெட்டினார்கள்.

செப்டம்பர் 25, புதன்

கிளையண்டோடு முதல் கூட்டம். சென்னையில் ஒன்பது டயாலிசிஸ் மையங்கள் நடத்துகிறார்கள். இப்போது ஒவ்வொரு மையத்திலும் தனித்தனிக் கம்ப்யூட்டர், தனித்தனி நோட்டு. எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். ஒரு நோயாளி எந்த மையத்துக்குப் போனாலும் அவர் விவரம் அங்கே திரையில் வர வேண்டும். நவம்பர் பதினெட்டாம் தேதி தொடக்கம்.

டாக்டர் ஷியாமளாதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "வேற மையத்து பேஷன்ட் விவரம் எத்தனை செகண்டுல வரும்?"

"மூணு செகண்ட் டாக்டர்."

எழுதிக்கொண்டார். உண்மையில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் எங்கள் சோதனை வடிவத்தில் அளந்து பார்த்தேன், பதினொன்று. ஆறு மணியிலிருந்து உட்கார்ந்து நானே ப்ரோகிராம் கோடைத் திருத்தி மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆக, நான் சொன்னது பொய் ஆகவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

அயனாவரம் மையத்துக்குப் போனேன். வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், பக்கத்தில் சுழலும் பம்ப், குழாயில் ரத்தம். நான்கு மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கிறார்கள், வாரத்துக்கு மூன்று முறை. ஒரு பெரியவர் தூக்கத்தில் சிரித்தார்.

டெக்னீஷியன் சகாயராணிக்கு முப்பது வயது இருக்கும். நடந்துகொண்டே பேசுகிறாள். "மேடம், ஆள் வந்து உட்கார்ந்ததும் எனக்கு நாலு விஷயம் தெரியணும். எவ்வளவு தண்ணி எடுக்கணும், எந்த ஃபில்டர், மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கா, ஹெப்பாரின் போடலாமா கூடாதா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஹெப்பாரின் என்றால் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி. அநேகமாக எல்லோருக்கும் உண்டு. ஏதாவது ஆபரேஷன் ஆகியிருந்தால் மட்டும் கூடாது, அந்த இடத்தில் ரத்தம் கசியும் என்றாள். நான்கையும் ஒரு பச்சை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் குழம்புக் கறை.

வரும் வழியில் மகள் இசைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். பள்ளியில் பெற்றோர் கூட்டம் இன்றைக்குத்தானாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாக்ஸை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 9, புதன்

இம்தியாஸ் நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறான். என் டீமில் இருக்கிற டெவலப்பர், வாணியம்பாடிப் பையன், இருபத்தொன்பது வயது. கெட்டிக்காரன். கொஞ்சம் அதிகமாகவே யோசிப்பான். படிக்க நேரமில்லை. நாளைக்குப் பெரிய கூட்டம்.

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. துணியைக் கையால் பிழிந்து போட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

கூட்டம் நன்றாகப் போனது. ஹரிஹரன், டாக்டர் ஷியாமளா, அவர்கள் பக்கம் ஐந்து பேர். திட்டத்தை வரைந்து காட்டினேன். டாக்டர் கேட்டார்: "நெட் போச்சுன்னா?"

"ரெண்டு இணைப்பு இருக்கு டாக்டர். ஒண்ணு கேபிள், இன்னொண்ணு மொபைல். வேற வேற கம்பெனி. ரெண்டும் ஒரே நேரத்துல போகாது."

குரல் நடுங்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம். ஹரிஹரன் பெருமையாகப் பார்த்தார். இம்தியாஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டான். "அக்கா, அதைப் பத்தித்தானே எழுதியிருந்தேன்?"

"இன்னும் பார்க்கலப்பா. மூணு வாரம் கூடுதலா ஆகும்னா நவம்பர்ல முடியாது. ரெண்டாம் கட்டத்துல வச்சுக்கலாம்."

சரிக்கா என்று போய்விட்டான்.

அக்டோபர் 19, சனி

இன்று முழுக்கக் கோட் எழுதினேன். இம்தியாஸ் செய்த தேடல் திரை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. திருத்தினேன், பிறகு முழுவதையும் மாற்றி எழுதினேன். எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து. நான் எழுதுவதும் அது ஓடுவதும் கண்ணெதிரே. மணி போனதே தெரியவில்லை.

அவர் காபி கொண்டுவந்து வைத்தார். "இது அந்தப் பையன் வேலை இல்லையா?"

"அவனுக்கு உதவி செய்யுதேன்."

"கேட்டானா?"

காபி நன்றாக இருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

அவருக்கு மழைக்கு முந்தைய வேலைகள் ஆரம்பித்துவிட்டன. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளருக்கு மழைக்காலம் என்றால் வீடு மறந்துபோகும். சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தார்: தண்ணீர் ஏறினால் ஆள் சாகாமல் இருக்க முதலில் கரண்டை நிறுத்திவிடுவார்களாம். செல்போன் டவர்களுக்கு பேட்டரி நான்கு மணி நேரம்தான் தாங்குமாம். "அதுக்கு அப்புறம் போன், நெட்டு எல்லாம் ஒண்ணா படுத்துரும். கேபிள்காரன் பெட்டியும் அதே கரண்டுலதானே ஓடுது."

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

நவம்பர் 6, புதன்

பசி இல்லை. காரணம் தெரியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

தொடங்கிவிட்டது. காலை ஆறு மணி முதல் ஒன்பது மையங்களிலும் புது மென்பொருள். ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று நொடிக்குள் எல்லாம் வருகிறது. ஹரிஹரன் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். என் மின்னஞ்சலின் அடியில் "ஆர்க்கிடெக்ட்" என்று சேர்த்துக்கொண்டேன். இத்தனை நாளும் சேர்க்கவில்லை.

பழைய பச்சை நோட்டுகளை எல்லா மையங்களிலிருந்தும் எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றில் தப்பு வரும். சரியான காரணம்தான். சகாயராணி மட்டும் போனில் "எங்கிட்டயே இருக்கட்டுமே மேடம்" என்றாள். கூடாது என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று மாலையிலிருந்து நிற்காத மழை. அவர் காலையில் போனவர் வரவில்லை. மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டிலிருந்தே வேலை என்று அலுவலகத்தில் அறிவித்துவிட்டார்கள். என் திரையில் எல்லா மையங்களும் இணைப்பு இருப்பதாகப் பச்சை விளக்கு காட்டுகின்றன.

டிசம்பர் 4, புதன்

காலை 8.10: வியாசர்பாடி மையத்துக்குள் தண்ணீர். அங்கே வர வேண்டியவர்களை அயனாவரத்துக்கு வேனில் அனுப்புகிறார்களாம். எந்த மையத்துக்கும் போகலாம் என்பதுதானே நாம் செய்து கொடுத்தது என்று ஹரிஹரன் குழுவில் எழுதியிருந்தார். கைதட்டல் பொம்மைகள்.

9.40: ஏழு மணியிலிருந்தே எங்கள் பக்கம் கரண்ட் இல்லை.

10.35: மூன்று மையங்கள் சிவப்பு.

11.05: ஆறு. அயனாவரமும் போய்விட்டது. ஜெனரேட்டர் இருக்கிறது, டயாலிசிஸ் ஓடும். ஆனால் திரையில் ஒன்றும் இருக்காது. வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

11.20: என் போனிலும் சிக்னல் போய்விட்டது.

பிறகு எழுதுகிறேன். குடையோடு மெயின் ரோடு வரை நடந்தேன், இடுப்புவரை தண்ணீர். மேம்பாலத்தின் மேல் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்தேன். என்னைப்போல் இருபது பேர் அங்கே போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் யாரையோ தேடினார்கள். நான் ஒரு சர்வரைத் தேடினேன். ஒரு மணி நேரம் நின்றேன். நின்றதைத் தவிர எதுவும் செய்யவில்லை. செய்ய எதுவும் இல்லை. எந்த வரியைத் திருத்துவது?

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் சிக்னல் வந்தது. நாற்பத்தொரு செய்திகள். இருபத்தேழாவது செய்தி டாக்டர் ஷியாமளாவிடமிருந்து.

தனபாக்கியம், வயது ஐம்பத்தொன்று, வியாசர்பாடி மையத்து நோயாளி. பிளவுஸ் தைக்கிறவர். சர்க்கரை நோயில் சிறுநீரகமும் போய், வலது கண்ணில் பார்வையும் முக்கால்வாசி போனவர். இடது கண்ணைக் காப்பாற்ற நவம்பர் இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மறுநாளே வியாசர்பாடி நர்ஸ் நம் மென்பொருளில் சரியாகப் பதிந்திருக்கிறார்: ஹெப்பாரின் கூடாது.

நான்காம் தேதி அயனாவரத்தில் அந்த வரி திரைக்கு வரவில்லை. சகாயராணி வழக்கமான அளவைப் போட்டிருக்கிறாள். சாயங்காலம் இடது கண்ணுக்குள் ரத்தம். வெள்ளத்தில் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகிவிட்டது.

அந்தக் கண் இனி திரும்பாது என்று எழுதியிருந்தார்.

டிசம்பர் 7, சனி

அவர் வந்தார். நான்கு நாள் தாடி, கால் விரல்கள் வெளுத்துப்போய். வந்ததும் படுத்தார். தோசை ஊற்றினேன், மூன்று தோசை தீய்ந்தது.

டிசம்பர் 9, திங்கள்

ஹரிஹரன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். விசாரணை அறிக்கையை ஆர்க்கிடெக்டான நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னார்.

"அசாதாரண மழை. ரெண்டு நெட்வொர்க்கும் ஒரே நேரத்துல செயலிழந்தது யாரும் எதிர்பார்க்க முடியாதது. டெக்னீஷியன் வாயால கேட்டு உறுதிப்படுத்தியிருக்கணும். அவ்வளவுதான்."

"இம்தியாஸ் எழுதியிருந்தானே."

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "மெயில்தானே? முறைப்படி சிஸ்டத்துல பதிஞ்சு டிக்கெட் போடலையே. யாராவது கேட்டா, அவன் முறைப்படி எழுப்பலைன்னு இருக்கும். நீங்க படிச்சீங்களா அதை?"

"இல்லை."

"அப்ப பிரச்சினை இல்லை." பிறகு குரல் இறங்கியது. "உலகா, இந்த ஒப்பந்தம் போனா இருபத்து மூணு பேர் வீட்டுக்குப் போவாங்க. எனக்கும் அந்தம்மாவை நினைச்சா சோறு இறங்கலை. ஆனா கண்ணு திரும்பி வராது."

சகாயராணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது போன வெள்ளிக்கிழமையே நடந்துவிட்டதாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

அக்டோபர் ஒன்பதாம் தேதி படிக்க நேரமில்லை என்று இதில் எழுதியிருக்கிறேன். அது பொய்.

படித்தேன். அன்று மதியம் ஒரு முறை, பஸ்ஸில் ஒரு முறை. நான்கு பக்கமும் எனக்கு இப்போது பாராமல் சொல்ல வரும். பெருமழையில் மின்சாரம் போனால் இரண்டு இணைப்பும் சேர்ந்தே போகும் என்று எழுதியிருந்தான். ஒவ்வொரு மையத்திலும் பேட்டரியோடு ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி, அது ஒன்பது மையத்து நோயாளிகள் எல்லோருக்கும் சகாயராணி கேட்ட அந்த நான்கு வரியை மட்டும் மணிக்கு ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருந்தான். மறுநாள் அந்த மூன்று வாரத்தை அவனிடமே சொல்லிக்கொண்டே, பார்க்கவில்லை என்றேன்.

அவன் சரி என்று எனக்கு உடனே தெரிந்தது. அதுதான் காரணம். நான் யோசித்திருக்க வேண்டியதை அவன் யோசித்திருந்தான். தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால், வெங்கடராகவன் இருந்திருந்தால் இப்படி ஆகாது என்பார்கள் என்று பயந்தேன். யாரும் பார்க்காத இந்த நோட்டில்கூட அதை எழுதப் பயந்திருக்கிறேன். பிறகு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவனுடைய தேடல் திரையை மாற்றி எழுதினேன். அவனிடம் ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 12, வியாழன்

வியாசர்பாடிக்குப் போனேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. விலாசத்தை நோயாளிகள் பட்டியலிலிருந்து எடுத்தேன். அதுவும் தப்புதான்.

சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கோடு. தையல் மெஷினை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். தனபாக்கியம் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார், ஆனால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"யாரு, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் வேலை செய்ற கம்பெனிம்மா."

"உக்காரு. அந்தப் பொண்ணை வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே. நீ போய் சொல்லு. அது மேல ஒண்ணும் தப்பில்ல. அது கேட்டுச்சும்மா. 'அம்மா, சமீபத்துல எதுனா ஆபரேசன் ஆச்சா'ன்னு கேட்டுச்சு. நான்தான் இல்லன்னுட்டேன்."

முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"வயித்துல கியித்துல அறுத்தாதான் ஆபரேசன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கண்ணுல நூல் மாதிரி இன்னாவோ வுட்டாங்க, ஒரு மணி நேரம், வூட்டுக்குப் போன்னாங்க. அதுக்கும் கிட்னிக்கும் இன்னா சம்பந்தம்? கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலாவது அந்தப் பொண்ணு பாத்துக் கேட்டிருக்கும். அந்தக் கண்ணாடி மழைல எங்கியோ வுழுந்துடுச்சு. என் வாயாலியே என் கண்ண நான் அவிச்சிக்கினேன்."

அழவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார்.

"அம்மா, அது உங்க தப்பு இல்லை. நீங்க சொல்லணும்னே இல்லை. உங்களுக்கு அந்த ஊசி கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல எழுதியிருந்துச்சு. நெட் போனா அது தெரியாத மாதிரி செஞ்சு வச்சது நான். போகும்னு ஒருத்தர் முன்னாடியே எழுதிக் கொடுத்தார். நான் ஒதுக்கி வச்சேன்."

தெருவில் யாரோ சேற்றை வழித்துக் கொட்டும் சத்தம்.

"எழுதியிருந்துச்சா?"

"ஆமாம்மா."

"அப்போ நான் வாயத் தொறக்காம இருந்தாலும் தெரிஞ்சிருக்கணும்?"

"ஆமாம்மா."

"எட்டு நாளா என்னியே திட்டிக்கினு இருக்கேன்." கையை நீட்டித் துழாவினார். என் கையைத் தேடுகிறார் என்று நினைத்து நீட்டினேன். நாற்காலியின் பிடியைத் தேடியிருக்கிறார். பிடித்து எழுந்தார். "போ. இதுக்கு மேல உக்காந்தா நான் இன்னா பேசுவேன்னு எனக்குத் தெரியாது. எழுந்து போ."

பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

டிசம்பர் 13, வெள்ளி

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டவர் பேட்டரி பற்றி அவர் சொன்ன அன்று சாம்பார் பற்றி மட்டும் எழுதியதையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"வேலை போயிருமா?"

"போகலாம்."

"அந்தப் பையனுக்கு?"

"நான் எழுதலைன்னா அவனுக்குப் போகும். இல்லைன்னா அந்தப் பொண்ணுக்கு."

மடித்த துணியை அலமாரியில் வைத்தார். "இசை ஸ்கூலுக்கு நாளைக்கு நான் போய்க்கிடுதேன். நீ உக்காந்து எழுது" என்றார்.

டிசம்பர் 16, திங்கள்

அறிக்கையை அனுப்பினேன். டாக்டர் ஷியாமளாவுக்கும் நேராகப் போனது. இம்தியாஸின் நான்கு பக்கத்தைத் தேதியோடு இணைத்தேன். கடைசிப் பத்தி இது:

"இந்தக் குறிப்பு அக்டோபர் 9 அன்று எனக்கு வந்தது. அன்றே படித்தேன். சரியானது என்று தெரிந்தும் நிறுத்திவைத்தேன். மறுநாள் கூட்டத்தில் இரண்டு இணைப்பும் ஒன்றாகப் போகாது என்று நான் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மையங்களிலிருந்து நோட்டுகளை எடுக்கச் சொன்னதும் நான். டெக்னீஷியன் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்."

ஹரிஹரன் இருபது நிமிடம் கழித்து என் இருக்கைக்கு வந்தார். எல்லோரும் பார்க்க நின்றார். "எங்கிட்ட படிக்கலைன்னு சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

இம்தியாஸ் என்னோடு பேசவில்லை. மதியம் தனியாகச் சாப்பிட்டான்.

டிசம்பர் 19, வியாழன்

லிஃப்ட்டில் நாங்கள் இருவர் மட்டும். "படிச்சீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா" என்றான். "மூணு வாரம்னு நீங்களே சொன்னீங்க." ஐந்தாவது மாடி வந்தது. இறங்கிப் போய்விட்டான்.

டிசம்பர் 23, திங்கள்

முடிவுகள். சகாயராணி நாளை முதல் வேலைக்கு வருகிறாள். தனபாக்கியத்துக்கு எங்கள் நிறுவனமும் அவர்களும் சேர்ந்து இழப்பீடு தருகிறார்கள். வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லையாம். ஒப்பந்தம் போகவில்லை. மூன்று மாதம் கண்காணிப்பில்.

என்னை ஆர்க்கிடெக்ட் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார். அதுவரை மையங்களுக்கான பெட்டியை இம்தியாஸும் நானும் செய்து முடிக்க வேண்டும். மின்னஞ்சலின் அடியிலிருந்து அந்தச் சொல்லை அழித்தேன்.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இன்று ஒரு சாதாரணப் படிவம் செய்யும்போதுகூட, இது எங்கே உடையும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முன்பு ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். அந்தச் சந்தோஷம் போய்விட்டது. திரும்பி வராது போலிருக்கிறது.

ஜனவரி 4, சனி

ஒன்பது மையங்களுக்கும் போய் வந்தாகிவிட்டது. ஜெனரேட்டர் எங்கே, எந்த ஸ்விட்ச் எதற்கு, யாரிடம் சாவி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எல்லாம் கேட்டு எழுதினேன். செப்டம்பரிலேயே கேட்டிருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மையங்களில் பெட்டியைத் தரையில் வைக்கத் திட்டமிட்டிருந்தோம், மாற்றிவிட்டோம்.

ஒவ்வொரு மையத்திலும் இப்போதைக்குத் தினமும் காலையில் அந்த நான்கு வரிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 11, சனி

தனபாக்கியத்தை அயனாவரத்தில் பார்த்தேன். வியாசர்பாடி இன்னும் திறக்கவில்லை. ஏழாவது நாற்காலியில் சாய்ந்திருந்தார். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவரைக் கடந்து போகாமல் பின்வழியாகச் சுற்றிப் போனேன்.

ஜனவரி 22, புதன்

இன்று அயனாவரத்தில் சோதனை. டாக்டர் ஷியாமளா, ஹரிஹரன், இம்தியாஸ், நான், சகாயராணி. சரியாக வந்தால் இன்றைக்கே ஒன்பது மையங்களிலும் தொடங்கி, நாளையிலிருந்து காகிதத்தை நிறுத்துவதாக ஏற்பாடு. ஹரிஹரன் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

முதலில் நெட்டைப் பிடுங்கினோம். பெட்டியின் திரையில் பட்டியல் அப்படியே நின்றது. பிறகு அந்தப் பெட்டிக்கு வரும் கரண்டையும் நிறுத்தினோம். பேட்டரி தீரும்வரை காத்திருந்தோம். திரை கறுத்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஆன் செய்தோம். நெட் இல்லாமலே பட்டியல் வந்தது. மேலே இன்றைய தேதி. டாக்டர் சிரித்தார், நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். ஹரிஹரன் கைதட்டினார்.

"ஒவ்வொரு நாற்காலியா படிச்சுப் பாத்துரலாம்" என்றேன்.

"அதான் வந்துருச்சே உலகா."

"ஒரு தடவை."

சகாயராணி திரையைப் பார்த்துப் படித்தாள். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றாவது நாற்காலியில் இருந்தவருக்குத் தண்ணீர் எடுத்தபின் நிற்க வேண்டிய எடை ஐம்பத்தொன்பது என்று படித்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "அறுபத்தொண்ணுன்னு டாக்டரம்மா காலையில மாத்தினாங்களே."

காகிதத்தைப் பார்த்தோம். அறுபத்தொன்று. நெட்டைப் பிடுங்குவதற்கு முன் திரையிலும் அறுபத்தொன்றுதான் இருந்தது. கரண்ட் போய்த் திரும்பியபோது அந்தப் பெட்டி இன்று காலை வாங்கிய பட்டியலை விட்டுவிட்டு, நேற்றையதை எடுத்து, அதன் தலையில் இன்றைய தேதியைப் போட்டிருக்கிறது.

"ஒரு ஆளுக்கு ஒரு எண்ணுதானே" என்றார் ஹரிஹரன். "இன்னிக்குத் தொடங்கிடலாம். திங்கக்கிழமைக்குள்ள திருத்திடலாம்."

"வேண்டாம்" என்றேன். "இன்னிக்குத் தொடங்க வேண்டாம். திரையில ஒண்ணுமே இல்லைன்னா இவங்க கேப்பாங்க. பழசை இன்னிக்குன்னு காட்டினா நம்பிடுவாங்க. காகிதம் தொடரட்டும்."

"தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியாச்சு உலகா."

"தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "எத்தனை நாள்?"

என் வாயில் ஓர் எண் வந்தது. விழுங்கினேன். "தெரியலை டாக்டர். எங்க தப்புன்னு பார்த்துட்டு நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்."

"இந்த முடிவை யார் எடுக்கறது?" அவர் ஹரிஹரனைப் பார்த்துக் கேட்டார். ஹரிஹரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்" என்றேன்.

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். ஹரிஹரன் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். குரல் இங்கே வரை கேட்டது. பிப்ரவரியில் வருகிறவர் சீக்கிரம் வருவாராக இருக்கும்.

சகாயராணி எங்களுக்கு ஓர் ஓரத்தைக் காட்டினாள். இம்தியாஸ் லேப்டாப்பைத் திறந்துகொண்டு தரையில் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் அவன் லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினான். திருப்பி அவன் பக்கமே நகர்த்தினேன்.

"நீ எழுது. நான் கேக்கேன்" என்றேன்.

"கேளுங்க."

"கரண்ட் போய் வந்த பிறகு, நெட்டும் இல்லாதப்ப, இந்தப் பெட்டிக்கு இப்ப மணி என்னன்னு யார் சொல்றா?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரும் சொல்லலை அக்கா. கடைசியா நள்ளிரவுல குறிச்சு வச்ச மணியிலயே அது எழுந்திருக்கு, காலைப் பட்டியல் அதுக்கு இன்னும் வராத ஒண்ணு" என்றான்.